மழைக்கு முன் தேனீப் பெட்டியை ஆயத்தப்படுத்துவோம்

 

சென்ற ஆண்டு நம் அறக்கட்டளையின் சுயதொழில் உதவித் திட்டத்தில் பத்துக் குடும்பங்களுக்குத் தேனீப் பெட்டிகள் வழங்கியதை வாசகர்கள் அறிவீர்கள். பெரும்பாலும் கணவரை இழந்த சகோதரிகள், தொழிற்சாலை வேலைக்குப் போக முடியாத பெரியவர்கள். ஆடி மாதம் பெட்டிகளைத் தந்தோம். புரட்டாசியில் சிலர் ஒரு பாட்டில், இரண்டு பாட்டில் தேன் எடுத்து ஜும்ஆவுக்கு வந்தவர்களிடம் விற்றார்கள். எங்களுக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. கார்த்திகை மாதம் ஒரு சகோதரி தொலைபேசியில் அழைத்து, "பாய், பெட்டியைத் திறந்தேன், உள்ளே ஒரு ஈ கூட இல்லை. யாரோ திருடிட்டாங்களா தெரியலை, ஜமாஅத் காசு வீணாப் போச்சே" என்று அழுதார். மழை ஓய்ந்து தை பிறந்தபோது பத்தில் ஆறு பெட்டிகள் காலியாக இருந்தன.

அந்தச் சகோதரியின் மீது எந்தத் தவறும் இல்லை, யாரும் திருடவும் இல்லை. தேனீக்களே பெட்டியை விட்டுப் போய்விட்டன. தேன் எடுப்பது எப்படி என்று ஒரு நாள் முழுவதும் பயிற்சி கொடுத்த நாங்கள், மழைக்காலத்தில் பெட்டியைக் காப்பது எப்படி என்று ஒரு மணி நேரம்கூடச் சொல்லித் தரவில்லை. தவறு எங்களுடையது. நீங்கள் நம்பித் தந்த ஸதகாப் பணத்தில் வாங்கிய பெட்டிகள் அவை. இந்த ஆண்டும் அதே தவறு நேரக் கூடாது என்பதற்காகவே, அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டறிந்ததையும் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

நமக்குக் குளிர்காலம் என்பது மழைக்காலமே

தேனீ வளர்ப்பு பற்றிய காணொளிகளைப் பார்க்கும் நம் இளைஞர்கள் "குளிர்காலத்துக்குப் பெட்டியைத் தயார் செய்வது" என்று நிறையப் பார்க்கிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பனிக்காலத்தில் மாதக்கணக்கில் பூவே கிடையாது. தேனீக்கள் பந்துபோல் ஒன்றுகூடி, சேர்த்து வைத்த தேனைத் தின்று, உடலை நடுக்கி வெப்பம் உண்டாக்கி உயிர் பிழைக்கின்றன. அதனால் அங்கே பெட்டியைச் சுற்றிக் கம்பளமும் வைக்கோலும் கட்டுகிறார்கள். அதைப் பார்த்து நம்மில் ஒருவர் சென்ற ஆண்டு பெட்டியைத் தார்ப்பாயால் முழுக்கச் சுற்றிக் கட்டிவிட்டார். உள்ளே ஈரம் தேங்கி அடைகள் பூஞ்சை பிடித்தன. கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் மார்கழி இரவில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நம் தேனீயை அந்தக் குளிர் கொல்லாது.

நம் பகுதியில் தேனீயை வருத்துவது ஐப்பசி, கார்த்திகை மழை. மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில்தான் பெய்கிறது. தொடர்ந்து நாலைந்து நாள் மழை பெய்தால் தேனீ வெளியே போக முடியாது. பூக்கும் கொஞ்சப் பூக்களிலும் மதுரம் நீர்த்துப் போகிறது, மகரந்தம் நனைந்து விடுகிறது. தேனீ வளர்ப்போர் இதைப் பஞ்சகாலம் என்கிறார்கள். வெளிநாட்டில் பனி செய்வதை இங்கே மழை செய்கிறது. ஆகவே அவர்கள் செய்யும் ஆயத்தத்தின் நோக்கம் நமக்கும் பொருந்தும்: போதிய உணவு, உலர்ந்த கூடு, பலமான குடும்பம், பகை நுழையாத வாசல். செய்யும் முறைதான் வேறு.

ஏன் பெட்டியை விட்டுப் போகின்றன?

நாம் வளர்ப்பது இந்தியத் தேனீ. அடுக்குத் தேனீ என்றும் சொல்வார்கள். மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும் அடுக்கடுக்காக அடை கட்டி வாழும் இனம். உணவு தீர்ந்தாலும், ஈரம் ஏறினாலும், எறும்போ மெழுகுப் பூச்சியோ தொல்லை தந்தாலும், அடிக்கடி திறந்து பார்த்தாலும், இந்த இனம் இருக்கும் இடத்தைக் கைவிட்டு ஒட்டுமொத்தமாக வேறிடம் தேடிப் போய்விடும். இத்தாலியத் தேனீயைவிட இதற்கு இந்தக் குணம் அதிகம்.

போவதற்கு முன் சில அடையாளங்கள் தெரியும். இராணி முட்டையிடுவதைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடும். புழுக்கள் இருந்த அறைகள் காலியாகும். அடையின் மேல்விளிம்பில் இருந்த தேன் தீரும். வாசலில் மகரந்த உருண்டையோடு வரும் தேனீக்கள் நின்றுவிடும். இவற்றில் இரண்டு தெரிந்தாலே உடனே உணவு கொடுக்க வேண்டும். இதைக் கூட்டம் பிரிவதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கூட்டம் பிரியும்போது பாதித் தேனீக்கள் பெட்டியிலேயே இருக்கும், இராணி அறைகளும் இருக்கும். கைவிட்டுப் போனால் பெட்டியில் வெற்று அடைதான் மிஞ்சும்.

மழைக்காலத்தில் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். கணக்கு இதுதான். முட்டையிலிருந்து பணித்தேனீ வெளிவர ஏறக்குறைய மூன்று வாரம். வெளிவந்ததும் முதல் இரண்டு மூன்று வாரம் அது கூட்டுக்குள்ளேயே புழுவுக்கு உணவூட்டும், அடை கட்டும், வாசல் காக்கும். அதன் பிறகுதான் பூவுக்குப் போகும். ஊத்துக்கோட்டைப் பக்கம் தையிலும் மாசியிலும் மா பூக்கிறது. அந்தப் பூவுக்குப் போக வேண்டிய தேனீ கார்த்திகைக் கடைசியிலாவது முட்டையாக இருந்தாக வேண்டும். அந்த நேரத்தில் பெட்டியில் பட்டினி என்றால் இராணி முட்டையிடாது. மா பூக்கும்போது வேலைக்கு ஆள் இருக்காது. அதன் பின்னால் வரும் புங்கம், வேம்புப் பூவுக்கும் குடும்பம் பலம் பெற்றிருக்காது.

புரட்டாசிக்குள் செய்ய வேண்டியவை

1. தேன் எடுப்பதை நிறுத்துங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். எந்தக் காலத்திலும் மேலே உள்ள தேன் அறையில் மட்டுமே தேன் எடுக்க வேண்டும். கீழே உள்ள புழு அறையில் தேனீக்கள் வைத்திருப்பது அவற்றின் சொந்த உணவு. புரட்டாசி பிறந்ததும் மேல் அறையிலும் கை வைக்காதீர்கள். சட்டங்களின் மேல்பகுதியில் மெழுகால் மூடிய தேன் விரல் அகலத்துக்காவது பல சட்டங்களில் தெரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் திறக்கத் தேவையில்லை. பெட்டியின் பின்பக்கத்தை இரு விரலால் இலேசாகத் தூக்கிப் பாருங்கள். சில முறை பழகினால் கனமும் இலேசும் கைக்கே தெரிந்துவிடும்.

2. இடத்தை இப்போதே மாற்றுங்கள். சென்ற ஆண்டு வாசலில் தண்ணீர் ஏறிய பிறகு ஒருவர் பெட்டியைத் தூக்கி மறுபக்கம் வைத்தார். மறுநாள் மேயப் போன தேனீக்கள் பழைய இடத்துக்கே திரும்பி வந்து அங்கேயே சுற்றிச் செத்தன. தேனீ தன் வீட்டை இடத்தை வைத்தே நினைவில் கொள்கிறது. கொல்லைக்குள்ளேயே இடம் மாற்றுவதாக இருந்தால் நாளுக்கு ஓர் அடி வீதம் நகர்த்துங்கள். பத்தடி நகர்த்தப் பத்து நாள் ஆகும். மழை வந்த பிறகு அதற்கு அவகாசம் இருக்காது. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு மேல் உயரமாகத் தாங்கி இருக்க வேண்டும்.

3. சாய்வும் திசையும். பெட்டியின் வாசல் கிழக்கு நோக்கி இருப்பது நல்லது. ஆனால் நம் மழைச் சாரல் கடல் பக்கமிருந்து வருவதால், கொஞ்சம் திசை திருப்பியோ, வாசலுக்கு மேல் ஒரு தகரத் துண்டை நீட்டியோ வைக்கலாம். முன்பக்கம் சற்றுத் தாழ்ந்திருந்தால் உள்ளே புகுந்த நீர் வடிந்துவிடும். மேல்மூடியில் விரிசல் இருக்கிறதா என்று ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒழுகினால் தகரம் அடியுங்கள். மூடியின் காற்றுத் துளையை மட்டும் அடைக்காதீர்கள்.

4. காற்றுக்குக் கட்டுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நம் பக்கத்து மரங்களை வேரோடு சாய்த்ததை மறந்திருக்க மாட்டோம். பெட்டியைத் தாங்கியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி, மூடிமேல் இரண்டு செங்கல் வையுங்கள். மொட்டை மாடியில் வைத்திருப்பவர்கள் கைப்பிடிச் சுவரை ஒட்டி இறக்கி வையுங்கள். முருங்கை மரத்தடியில் வேண்டாம், அதன் கிளை எளிதில் முறியும்.

5. உள்ளே சுருக்குங்கள். வெயில் உள்ள காலை 9 மணி அளவில் திறந்து, தேனீ மூடாத வெற்று அடைகளையும் கருத்துப்போன பழைய அடைகளையும் எடுத்துவிடுங்கள். தேனீக்கள் காக்க முடியாத அடையில்தான் மெழுகுப் பூச்சி முட்டையிடும். அதன் புழு அடைக்குள் சுரங்கம் தோண்டி, வலை பின்னி, அடை முழுவதையும் தூளாக்கிவிடும். மிச்சச் சட்டங்களை ஒரு பக்கமாக நெருக்கி, ஓரத்தில் ஒரு தடுப்புப் பலகை வையுங்கள். புழுக்கள் வளர ஏறக்குறைய 34, 35 டிகிரி வெப்பம் வேண்டும். இடம் சிறிதாக இருந்தால் சிறு குடும்பமும் அந்த வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். அடிப்பலகையில் கிடக்கும் மெழுகுத் தூளைத் துடைத்தெடுங்கள். வாசலையும் இரண்டு மூன்று தேனீ நுழையும் அளவுக்குக் குறுக்குங்கள்.

6. பலவீனமானவற்றை ஒன்று சேருங்கள். இரண்டு சட்டம் அளவே தேனீ உள்ள குடும்பம் மழையைத் தாண்டுவது கடினம். அப்படி இரண்டு பெட்டிகள் இருந்தால் ஒன்றாக்கிவிடலாம். நாளுக்கு ஓரடியாகப் பெட்டிகளைப் பக்கத்தில் கொண்டுவந்து, பலவீனமான இராணியை அகற்றி, மாலையில் ஒரு பெட்டியின் புழு அறைமேல் ஒரு செய்தித்தாளை விரித்து, ஊசியால் சில துளையிட்டு, அதன்மேல் மற்றதை வையுங்கள். தாளைக் கடித்துத் துளைக்க ஓரிரு நாள் ஆகும். அதற்குள் இரு குடும்பத்தின் வாசனையும் கலந்துவிடும், சண்டை நடக்காது. "இருந்த இரண்டில் ஒன்று போச்சே" என்று வருந்த வேண்டாம். மாசியில் பலமான ஒன்றை மீண்டும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். இதை முதன்முறை செய்பவர்கள் எங்களுக்குச் சொல்லுங்கள், பழகியவர் ஒருவரை அனுப்புகிறோம்.

மழை நாட்களில் உணவூட்டல்

வேளாண் பல்கலைக்கழகம் பஞ்சகாலத்துக்குச் சொல்லும் அளவு, ஒரு குடும்பத்துக்கு வாரம் 200 கிராம் சர்க்கரை, அதே அளவு தண்ணீர். தண்ணீரைச் சுட வைத்து இறக்கிய பிறகு சர்க்கரையைக் கரையுங்கள். அடுப்பில் வைத்துக் காய்ச்சிக் கருக விடாதீர்கள். ரேஷன் சர்க்கரையே போதும், ஆனால் வெள்ளைச் சர்க்கரையாக இருக்க வேண்டும். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் மனிதருக்கு நல்லவை. தேனீக்கோ வயிற்றுப்போக்கைத் தரும். மழை பத்து வாரம் நீடித்தாலும் ஒரு பெட்டிக்கு 2 கிலோ சர்க்கரைதான் செலவாகும்.

ஆறிய பாகை ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றி, தேனீ மூழ்காதபடி ஈர்க்குச்சிகளை மிதக்கவிட்டு, சட்டங்களுக்கு மேலே, மூடிக்கு உள்ளே வையுங்கள். மஃரிபுக்குச் சற்று முன்பு வைப்பதே நல்ல நேரம். பகலில் வைத்தால் வாசனைக்குப் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையடிக்க வரும், சண்டையில் பல சாகும். ஒரே கொல்லையில் இரண்டு பெட்டி இருந்தால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வையுங்கள். வெளியே சிந்தியதைத் துடைத்துவிடுங்கள். கடையில் வாங்கிய தேனையோ வேறு பெட்டியின் தேனையோ உணவாகக் கொடுக்காதீர்கள், அதன் வழியாக நோய் வரும்.

நோயைப் பற்றியும் ஒரு சொல். 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. 1920-களிலிருந்து தேனீ வளர்ப்பில் பெயர் பெற்ற மார்த்தாண்டம் பகுதியே அப்போது நிலைகுலைந்தது. அடை அறைக்குள் புழு தலை நிமிர்ந்து, நீர்ப்பை போல உப்பிச் செத்துக் கிடந்தால் அந்த நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை. அந்தப் பெட்டியின் அடையையும் கருவிகளையும் மற்றதில் பயன்படுத்தாமல் உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள்.

நம் ஊருக்கே உரிய சில எச்சரிக்கைகள்

மழைக்காலத்தில் டெங்குக் கொசுவை ஒழிக்க வீதிகளில் புகை அடிப்பார்கள். அந்த மருந்து தேனீயையும் கொல்லும். புகை வண்டி வரும் நாளைக் கேட்டறிந்து, அன்று தேனீக்கள் அடைந்த பிறகு வாசலைக் கம்பி வலையால் மூடுங்கள். புகை அடங்கியதும் திறந்துவிடுங்கள். காற்றே போகாமல் துணியால் அடைத்தால் உள்ளேயே மூச்சுமுட்டிச் சாகும்.

எறும்புக்காகத் தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்தியிருப்போம். அந்த நீரிலேயே கொசு முட்டையிடும், சுகாதாரப் பணியாளர்கள் கேள்வி கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் உண்டு. மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். முடியாவிட்டால் கிண்ணத்தை எடுத்துவிட்டு, கால்களைச் சுற்றி நான்கு விரல் அகலம் கிரீஸ் தடவுங்கள். மழையில் அது கரையாது. பணிமனையில் வேலை செய்யும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் கொஞ்சம் கிரீஸுக்குப் பஞ்சம் இருக்காது.

தொழிற்பேட்டையை ஒட்டிக் குடியிருப்போர் தேனீக்குத் தண்ணீர் வைப்பதை மறக்காதீர்கள். மழை விட்ட நாட்களில் ஓரக் கால்வாய்களில் எண்ணெய் படர்ந்த நீரைத் தேனீ குடித்துவிடும். ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுச் சுத்தமான நீர் வைத்தால் அருகிலிருப்பதையே நாடும். இரவில் பிரகாசமான விளக்கு எரியும் இடத்தருகே பெட்டி வேண்டாம். கலைந்த தேனீ விளக்கைச் சுற்றியே வீணாகும். சம்பா நெல்லுக்கு மருந்தடிக்கும் நிலத்தருகே இருந்தால், மாலையில் அடிக்கும்படி நிலத்துக்காரரிடம் அன்பாகக் கேட்டுப் பாருங்கள்.

மழை நாளில் ஆர்வத்தில் பெட்டியைத் திறக்காதீர்கள். வெயில் வந்த நாளில், பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை, சில நிமிடம் பார்த்தால் போதும். மற்ற நாட்களில் வாசலைப் பார்த்தே நிலைமையை அறியலாம். கொட்டுப்பட்டு மூச்சுத் திணறலோ, உடல் முழுவதும் தடிப்போ வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பாகு கொடுத்த பெட்டியின் தேன்

தேனீ நாம் தரும் சர்க்கரைப்பாகையும் அடையில் சேர்த்து வைக்கும். பார்க்க அது தேன் போலவே இருக்கும். ஆனால் அது பூவிலிருந்து வந்ததல்ல. அதை எடுத்துத் தேன் என்று விற்பது மோசடி. அதனால் உணவூட்டத் தொடங்குமுன் தேன் அறையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மழை முடிந்து, பாகு நிறுத்தி, மரங்கள் பூத்த பிறகு மீண்டும் வையுங்கள். அதில் புதிதாகச் சேர்வதை மட்டும் எடுங்கள். திருக்குர்ஆனின் 16-ஆவது அத்தியாயத்துக்கே அந்நஹ்ல், அதாவது தேனீ, என்று பெயர். தேனில் மனிதருக்கு நிவாரணம் இருப்பதை அதன் 69-ஆம் வசனம் சொல்கிறது. அந்த நம்பிக்கையில்தான் மக்கள் நம்மிடம் தேன் வாங்குகிறார்கள். அது நம்மிடம் தரப்பட்ட அமானிதம்.

அறக்கட்டளையின் முடிவு

சென்ற ஆண்டு போன ஆறு பெட்டிகளைப் பற்றி ஒவ்வொரு வீட்டுக்கும் போய் விசாரித்தோம். நான்கு வீடுகளில் காரணம் ஒன்றுதான். புரட்டாசிக் கடைசியில் பள்ளிக் கட்டணமோ வாடகையோ நெருக்க, புழு அறையில் இருந்த தேனையும் எடுத்திருக்கிறார்கள். பேராசையால் அவர்கள் அதைச் செய்யவில்லை. வீட்டில் விற்கக் கூடியது அது ஒன்றுதான் இருந்தது. அவர்களிடம் "தேனை விட்டு வையுங்கள்" என்று சொல்லிவிட்டு நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது முறையாகாது.

எனவே நிர்வாகக் குழு இவ்வாறு முடிவு செய்துள்ளது. பெட்டி வைத்திருப்பவர் இம்மழைக் காலத்தில் தேனை எடுக்காமல் விட்டு வைத்தால், அவசரத் தேவைக்கு பைத்துல்மாலிலிருந்து கர்ளன் ஹஸனா எனும் வட்டியில்லாக் கடன் பெறலாம். பங்குனி, சித்திரையில் தேன் எடுத்த பிறகு தவணையாகத் திருப்பினால் போதும். பெட்டி ஒன்றுக்கு 2 கிலோ சர்க்கரையும் அலுவலகத்தில் தரப்படும். காலியான ஆறு பெட்டிகளைக் கழுவி வெயிலில் உலர்த்தி வைத்திருக்கிறோம். மழை முடிந்ததும், மிஞ்சிய நான்கு குடும்பங்களைப் பிரித்து, அந்த ஆறு பேருக்கும் வரிசைப்படி மீண்டும் தருவோம். இழந்தவர்கள் எங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

மேலும் அறிய விரும்புவோர் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் தேனீ வளர்ப்பில் ஒரு நாள் பயிற்சி நடத்திவருகிறது. போய்வர விரும்பும் இளைஞர் இருவருக்குப் பயணச் செலவை அறக்கட்டளை ஏற்கும். பெயர் தருவோர் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம்.

இந்த வாரமே ஒரு வெயில் காலையில் உங்கள் பெட்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். இலேசாக இருந்தால் அன்று மாலையே பாகு வையுங்கள். வல்ல அல்லாஹ் நம் எளிய முயற்சிகளில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

செயலாளர்